மரபணு மாத்தின உணவு: அமெரிக்க வழியா, ஐரோப்பிய வழியா?

மரபணு மாத்தின சோயாவுல இருந்து எண்ணெய் எடுத்து நல்லா சுத்திகரிச்சு பாட்டில்ல அடைக்கிறாங்கன்னு வைங்க. சுத்திகரிச்ச பிறகு அதுல டிஎன்ஏவோ புரதமோ கண்டுபிடிக்கிற அளவுக்கு மிஞ்சுறதில்ல. அந்த பாட்டில் ஐரோப்பாவுல கடைக்கு வந்தா, மரபணு மாத்தின சோயாவுல தயாரிச்சதுன்னு லேபிள்ல போட்டே ஆகணும். அமெரிக்காவுல லேபிள் விதியை எழுதினப்போ இதே எண்ணெய்க்கு விலக்கு குடுத்துட்டாங்க. எண்ணெய் ஒண்ணுதான், கேள்விதான் வேற. அமெரிக்கா "இதுக்குள்ள என்ன இருக்கு"ன்னு கேக்குது, ஐரோப்பா "இது எப்படி உருவாச்சு"ன்னு கேக்குது.

இந்த ரெண்டு கேள்வியும் வேணும்ங்கிறது என் கட்சி, ஆனா கேக்குற இடம் வேற வேற. ஒரு பயிருக்கு அனுமதி குடுக்கலாமான்னு பாக்குறப்போ முதல் கேள்வி, லேபிள் ஒட்டுறப்போ ரெண்டாவது. பாதுகாப்பா இல்லையான்னு பாக்குறது அரசாங்கத்தோட வேலை, வேணுமா வேண்டாமான்னு முடிவு பண்றது சாப்பிடுறவன் உரிமை. ரெண்டையும் ஒரே மூட்டையில போட்டு கட்டினதாலதான் முப்பது வருசமா சண்டை ஓயல.

முதல்ல அனுமதி. அமெரிக்காவுல உணவையும் மருந்தையும் கண்காணிக்கிற எஃப்டிஏங்கிற அரசு அமைப்பு 1992லயே கொள்கையை அறிவிச்சிடுச்சு, மரபணு மாத்தினதுங்கிற ஒரே காரணத்துக்காக ஒரு உணவை தனி வகையா பாக்க மாட்டோம், பாதுகாப்புக்கு தயாரிக்கிறவங்கதான் பொறுப்பு, எங்ககிட்ட வந்து கலந்து பேசுறது அவங்க விருப்பம்னு. 1994ல ஃப்ளேவர் சேவர்ங்கிற மரபணு மாத்தின தக்காளி கடைக்கே வந்துடுச்சு. வேகம் இருக்கு, ஒத்துக்கிறேன். நடைமுறையில கம்பெனிங்க போய் கலந்து பேசத்தான் செய்றாங்க, ஆனா சட்டத்துல "விருப்பம் இருந்தா"ன்னு எழுதி வச்சுட்டு ஜனங்க நம்பணும்னு எதிர்பார்த்தா எப்படி? 2000ல ஸ்டார்லிங்க்ங்கிற மரபணு மாத்தின மக்காச்சோளம் விவகாரம் வந்துச்சு, அதுல இருந்த புரதம் அலர்ஜி குடுக்கலாம்னு சந்தேகம் இருந்ததால கால்நடை தீவனத்துக்கு மட்டும்தான் அனுமதி, கடைசியில அது மனுசங்க சாப்பிடுற டாக்கோங்கிற மொறுமொறு மக்காச்சோள ரொட்டியில கிடந்துச்சு, சரக்கை எல்லாம் திரும்ப எடுக்க வேண்டியதாச்சு. லாரி, கிடங்கு, மில்லுன்னு தானியம் போற வழியெல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலக்கும்னு தெரிஞ்சும் அப்படி பாதி அனுமதி குடுத்ததே தப்பு.

ஐரோப்பாவுல ஒவ்வொண்ணையும் உணவு பாதுகாப்பு ஆணையம் தனித்தனியா ஆராயும், அப்புறம் உறுப்பு நாடுங்க ஓட்டு போடணும், பெரும்பாலும் எந்த பக்கமும் போதுமான ஓட்டு விழாது. மரபணு மாத்தின பயிர்ல மான் 810ங்கிற மக்காச்சோளத்தை மட்டும்தான் அங்க விவசாயிங்க பயிர் பண்றாங்க, அதுவும் முக்கியமா ஸ்பெயின், போர்ச்சுகல்ல. 2015ல இருந்து, வேண்டாம்னா எங்க மண்ணுல விதைக்க விட மாட்டோம்னு நாடுகளே சொல்லிக்கலாம். ஜனங்க குரலுக்கு இடம் இருக்கு, அது பெரிய விசயம். ஆனா முறையை வச்சு பிரிக்கிறதோட கோளாறு 2018ல நல்லா தெரிஞ்சுச்சு. ஜீன் எடிட்டிங்ல, அதாவது குறிப்பிட்ட இடத்துல மட்டும் மரபணுவை திருத்துற முறையில, டிஎன்ஏவோட ஒரே ஒரு எழுத்தை மாத்தினாலும் அது மரபணு மாற்றுப் பயிர்தான், முழு சட்டமும் பொருந்தும்னு ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிடுச்சு, ஆனா கதிர்வீச்சு, ரசாயனம் அடிச்சு கண்டபடி மரபணுவை கலைச்சு உருவாக்குற பழைய முறைக்கு அதே சட்டத்துல விலக்கு. பாதுகாப்புதான் நோக்கம்னா இந்த கோடு சரியான இடத்துல விழல.

இதுல எனக்கு கனடா வழிதான் பிடிச்சிருக்கு. பயிர்ல புது குணம் இருக்கா, இருந்தா அது எந்த முறையில வந்திருந்தாலும் ஆராய்ச்சிக்கு வா. அவ்ளோதான்.

லேபிள் விசயத்துல நான் ஐரோப்பா பக்கம். அங்க ஒரு பொருள்ல தவிர்க்க முடியாம கலந்தது 0.9 சதவீதத்துக்கு மேல போனா லேபிள் கட்டாயம். அமெரிக்காவுல வெர்மான்ட் மாநிலம் 2016ல சொந்தமா லேபிள் சட்டம் அமல்படுத்தினதும், அதே மாசமே மத்திய சட்டம் வந்து அதை ஓரங்கட்டிடுச்சு. 2022ல கட்டாயமான மத்திய விதியில எல்லை 5 சதவீதம், மரபணு மாத்தினதுன்னு சொல்ல ஜனங்களுக்கு பழகின ஜிஎம்ஓங்கிற வார்த்தைக்கு பதிலா பயோஇன்ஜினியர்டுன்னு ஒரு புது வார்த்தை, எழுத்துல போடாம க்யூஆர் கோடு மட்டும் போட்டாலும் போதும்னு ஒரு வழி. கையில ஸ்மார்ட்போன் இல்லாத பாட்டிக்கு அந்த கட்டம் என்ன சொல்லும்?

லேபிள் போட்டா ஜனங்க வீணா பயப்படுவாங்கன்னு சொல்றவங்க வாதத்தை நான் லேசா தள்ளல. 2016ல அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமிகள் பெரிய அறிக்கை போட்டாங்க, இப்ப சந்தையில இருக்கிற மரபணு மாற்று உணவை சாப்பிடுறதால சாதாரண உணவை விட கூடுதல் ஆபத்துன்னு ஆதாரம் இல்லன்னு, அதை நான் ஏத்துக்கிறேன், விஷம் விஷம்னு கத்துறவங்களோட எனக்கு உடன்பாடு இல்ல. ஆனா அதே அறிக்கை, களைக்கொல்லியை தாங்குற மாதிரி மாத்தின பயிர்ல அந்த மருந்தையே நம்பி அடிச்ச இடங்கள்ல, அதுக்கு அடங்காத களைங்க பெருகிட்டதையும் சொல்லுது. அந்த விவசாய முறை எனக்கு வேண்டாம், விதைக்கு பேட்டன்ட் வாங்குற கம்பெனிக்கு என் காசு போக வேண்டாம்னு ஒருத்தர் நினைச்சா அதுவும் நியாயமான காரணம்தானே, அதுக்கு லேபிள் வேணும்ல? ஐரோப்பாலயும் ஓட்டை இருக்கு, மரபணு மாத்தின சோயா தீவனம் தின்ன மாட்டோட பாலுக்கும் கறிக்கும் அங்க லேபிள் கிடையாது, தீவனமோ நிறைய இறக்குமதி ஆகுது.

பேட்டன்ட்டை ரெண்டு பக்கமும் இந்த விதிங்களால தொடவே இல்ல. 2013ல அமெரிக்க உச்ச நீதிமன்றம், பேட்டன்ட் சோயாவை விதைச்சு அந்த விளைச்சலையே திரும்ப விதையாக்க விவசாயிக்கு உரிமை இல்லன்னு ஒருமனதா தீர்ப்பு குடுத்துச்சு. இன்னொண்ணு, அனுமதி செலவு ஏற ஏற அரசு ஆராய்ச்சி நிலையங்களும் சின்ன கம்பெனிங்களும் கழண்டுக்குவாங்க, பெரிய கம்பெனிங்கதான் மிஞ்சும். கடுமையான விதி கேக்குற என்னை மாதிரி ஆளுங்க இதுக்கும் பதில் சொல்லணும்.

பணக்கார நாடுங்களோட இந்த சண்டையில அடி வாங்கினது பசியில இருந்தவங்க. 2002ல ஆப்பிரிக்கா கண்டத்தோட தெற்கு பக்க நாடுகள்ல பஞ்சம், உதவியா வந்த அமெரிக்க மக்காச்சோளத்துல மரபணு மாத்தினதும் கலந்திருந்துச்சு. ஜாம்பியா வேண்டவே வேண்டாம்னுடுச்சு. உடம்புக்கு ஆகுமாங்கிற பயம் ஒரு பக்கம், விதைச்சு பரவிட்டா நாளைக்கு ஐரோப்பா நம்ம சரக்கை வாங்காதேங்கிற பயம் இன்னொரு பக்கம். ஜிம்பாப்வே, மலாவி, மொசாம்பிக் வேற மாதிரி யோசிச்சாங்க, மாவா அரைச்சு குடுங்க, வாங்கிக்கிறோம்னாங்க. மாவை விதைக்க முடியாது, ஆனா பசிக்கு சாப்பிடலாம்.