வால்-ஓ-மாற்: 38 கூற்றுகளுக்குப் பிறகு

2025 பெப்ரவரி ஜேர்மன் நாடாளுமன்றத் தேர்தலுக்கு முன் வால்-ஓ-மாற் செய்து பார்த்தேன். குடியியல் கல்விக்கான அரச நிறுவனம் 2002 இலிருந்து நடத்திவரும் இலவச இணையச் சேவை இது. 38 கூற்றுகள் வரும். ஒவ்வொன்றுக்கும் உடன்படுகிறேன், நடுநிலை, உடன்படவில்லை என்று அழுத்தலாம். விரும்பாவிட்டால் தாண்டிப் போகலாம். முடிவில் எந்தக் கட்சியோடு எத்தனை வீதம் ஒத்துப்போகிறோம் என்று காட்டும்.

பலவற்றுக்கு யோசிக்கவே தேவையில்லை. நெடுஞ்சாலையில் வேகக் கட்டுப்பாடு? வேண்டும். 2026 இல் மணித்தியாலத்துக்கு 15 யூரோ குறைந்தபட்சச் சம்பளம்? நான் இதைச் செய்த 2025 தொடக்கத்தில் சட்டப்படி 12.82 யூரோதான். உணவகச் சமையலறையில் இத்தனை வருடம் நின்றவனுக்கு இதில் நடுநிலை ஏது?

"அகதி விண்ணப்பம் கொடுத்தவருக்கு உடனேயே வேலை அனுமதி கொடுக்க வேண்டும்" என்று ஒரு கூற்று வந்தது. அதில் கை நின்றுவிட்டது. விடை தெரியாமல் அல்ல. எண்பதுகளின் கடைசியில் நாங்கள் வந்து இறங்கியபோது, உழைக்கத் தெம்புள்ள பெடியள் முகாம் அறையில் வேலை செய்ய அனுமதியில்லாமல் சும்மா கிடந்தோம். பயணத்துக்கு வாங்கிய கடனுக்கு ஊரில் வட்டி ஏறிக்கொண்டிருந்தது. இரட்டைப் பிரஜாவுரிமை பற்றிய கூற்றும் அப்படித்தான். இலங்கைப் பிரஜாவுரிமையைக் கைவிட்ட பிறகே எனக்கு இங்கத்தைய கடவுச்சீட்டு கிடைத்தது. 2024 ஜூனில்தான் அந்த நிபந்தனை எல்லாருக்கும் பொதுவாக நீங்கியது. முக்கியமான கூற்றுகளுக்கு இரட்டைப் பெறுமதி கொடுக்கும் வசதி இருக்கிறது. இந்த இரண்டுக்கும் கொடுத்தேன். மகள் வீட்டு வாடகைக்கும் காலநிலைக்கும் கொடுத்திருந்தாள்; அதை வைத்து அன்றிரவு நாங்கள் கதைத்தது, பல வருடங்களாகக் கதைக்காமல் விட்ட கதை.

எனக்கு முதலிடத்தில் இடதுசாரிக் கட்சி, அடுத்தது பசுமைக் கட்சி. வழக்கமாக நான் வாக்களிக்கும் சமூக ஜனநாயகக் கட்சியான எஸ்.பி.டி. மூன்றாவது. இந்த வீதங்களை அப்படியே தலையில் தூக்கி வைக்கக் கூடாது. கணக்கு மிக எளிது: நீங்களும் கட்சியும் ஒரே விடை என்றால் 2 புள்ளி, ஒருவர் மட்டும் நடுநிலை என்றால் 1, நேரெதிர் என்றால் 0. ஆகவே எல்லாவற்றுக்கும் நடுநிலை என்று சொல்லும் ஒரு கட்சிகூட உங்களோடு ஐம்பது வீதத்துக்குக் குறையாமல் ஒத்துப்போகும். இது பெரிய குறை என்றே நினைக்கிறேன்.

இன்னொன்று, விடை மட்டும்தான் எண்ணப்படுகிறது, அதற்குச் சொல்லும் காரணம் எண்ணப்படுவதில்லை. உக்ரைனுக்கு இராணுவ உதவி தொடர வேண்டும் என்ற கூற்றை இடதுசாரிக் கட்சியும் மறுத்தது, அகதிகள் வருவதை எதிர்க்கும் தீவிர வலதுசாரிக் கட்சியான ஏ.எஃப்.டி.யும் மறுத்தது. ஆயுதங்கள் வந்து குவிந்த ஊரைக் கண்டவன் என்பதால் நானும் மறுத்தேன். கணக்கில் மூன்று பேரும் ஒரே பக்கம். ஆனால் அகதிகள் விடயத்தில் நானும் ஏ.எஃப்.டி.யும் ஒரே மேசையில் உட்காரவே முடியாது.

இந்தச் சேவையின் உண்மையான பெறுமதி அடுத்த பக்கத்தில் இருக்கிறது. ஒவ்வொரு கூற்றுக்கும் கட்சிகள் தாங்களே எழுதிக்கொடுத்த விளக்கத்தை அங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கலாம். தேர்தல் அறிக்கைகளை யார் முழுதாக வாசிக்கிறார்கள்? இங்கே சில வரிகளில் கட்சியின் மனம் தெரிந்துவிடும். வேலை அனுமதிக் கூற்றுக்கு ஒவ்வொருவரும் எழுதியதை நான் இரண்டு தரம் வாசித்தேன். ஒரே 'ஆம்' சொன்ன கட்சிகளில் ஒன்று ஆட்பற்றாக்குறையைப் பற்றிக் கதைக்கிறதா, மனிதரைப் பற்றிக் கதைக்கிறதா என்பதுதான் எனக்கு முக்கியம்.

டொச் (ஜேர்மன்) மொழி ஓரளவு வாசிக்கத் தெரிந்தால் போதும், கூற்றுகள் சிறியவை. கைபேசியில் அவசரமாக அழுத்தாமல், பெரிய திரையில் பிள்ளைகளோடு இருந்து செய்யுங்கள். மாநிலத் தேர்தல்களுக்கும் இது வருவதுண்டு. எங்கள் நோர்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலனில் அடுத்த தேர்தல் 2027 இல். முதல் தரம் வாக்களிக்கப்போகும் மருமகனையும் கூப்பிட்டு வைத்திருக்கிறேன்.