வெயிலில் வாசித்த கச்சேரி: கிரேட்ஃபுல் டெட் குழுவின் வெனிட்டா இசைத்தட்டுகள்

கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் இசைக்குழு 1972 ஆகஸ்ட் 27 அன்று அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், வெனிட்டா என்ற சிற்றூரை ஒட்டிய திறந்தவெளியில் நிகழ்த்திய கச்சேரி, 'சன்ஷைன் டேட்ரீம்' என்ற பெயரில் 2013-ஆம் ஆண்டு மூன்று இசைத்தட்டுகளும் ஓர் ஆவணப்படமும் கொண்ட தொகுப்பாக வெளிவந்தது. நாகஸ்வரம் செய்வதற்குப் பேர்போன நரசிங்கம்பேட்டைக்குப் பக்கத்தில், காவிரி மணலாகக் கிடக்கும் சித்திரை வைகாசிப் பிற்பகல்களில் நான் இதைப் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். முப்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 2,300 கச்சேரிகள் செய்த ஒரு குழுவின் பதிவுகளில் எனக்கு மிகவும் பிடித்தது எது என்று கேட்டால், தயங்காமல் இதைத்தான் சொல்வேன்.

இந்தக் கச்சேரி ஒரு பால்பண்ணைக்காக நடந்தது. நாவலாசிரியர் கென் கீசியின் தம்பி நடத்திய ஸ்பிரிங்ஃபீல்டு பால்பண்ணை பணமுடையில் இருந்தபோது, அதற்கு நிதி திரட்டுவதற்காகக் குழு வாசிக்க ஒப்புக்கொண்டது. அந்தப் பண்ணையின் தயிர்க் கோப்பையில் ஒட்டும் லேபிள்களிலேயே நுழைவுச்சீட்டு அச்சிடப்பட்டது. அன்றைய வெயில் ஃபாரன்ஹீட்டில் நூறு டிகிரியைத் தாண்டியது. கிதார்களின் சுருதி நிற்கவில்லை. பாட்டுக்குப் பாட்டு நரம்புகளை முறுக்கி மீண்டும் சுருதி சேர்க்க வேண்டியிருந்தது. இந்த இடைவெளிகள் அலுப்பூட்டுவதாகச் சொல்வோர் உண்டு. நாகஸ்வரத்திலிருந்து நூலில் தொங்கும் சீவாளிகளில், அதாவது வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டுகளில், ஒன்றைக் கழற்றி, வேறொன்றைப் பொருத்தி, இரண்டு ஊதல் ஊதிப் பார்க்கும் வித்வானைப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டே வளர்ந்த எனக்கு அதில் அலுப்பு ஏதும் இல்லை. வாத்தியம் வெயிலோடும் ஈரத்தோடும் மல்லுக்கட்டும் ஒரு பொருள் என்பது எங்கள் பகுதியில் குழந்தைக்கும் தெரியும்.

தொகுப்பின் உயிர், அரை மணி நேரத்துக்கும் மேல் நீளும் 'டார்க் ஸ்டார்'. பாடும் வரிகள் சிலவே, மற்றதெல்லாம் வாத்தியம். அதன் அடிப்படையான சுர வரிசை மேற்கத்திய இசையில் மிக்ஸோலிடியன் எனப்படுவது. நம் கணக்கில் அது ஹரிகாம்போஜி ராகத்தின் சுரங்கள்தான். ஆனால் சுரங்கள் ஒன்றாக இருப்பதால் மட்டும் ராகம் வந்துவிடாது என்பதையும், சுரத்தை அசைத்து வாசிக்கும் கமகத்தை எதிர்பார்த்து உட்காருபவர் ஏமாறுவார் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நான் ஒப்பிடுவது ராகத்தை அன்று, அதை விரிக்கும் மனப்பாங்கை. சுவாமி புறப்பாட்டில் நாகஸ்வரத்தில் முதலில் வாசிக்கும் மல்லாரி முடிந்து, ராகத்தை விரிக்கும் ஆலாபனை தொடங்கினால் நான்கு வீதியும் சுற்றி வருவதற்குள் விடிந்துவிடும். நாகஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத்தை மணிக்கணக்கில் நின்று கேட்டதாக என் பெரியப்பா சொல்லும்போது, அவர் எந்தக் கீர்த்தனையையும் குறிப்பிட்டதில்லை. ஒரு சுரத்தில் எவ்வளவு நேரம் நின்றார், அங்கிருந்து எப்படி இறங்கினார் என்பதையே சொல்வார். குழுவின் கிதார் கலைஞர் ஜெர்ரி கார்சியா ஒரு சுரத்தைத் தொட்டு, விட்டு, மறுபடியும் வேறு பக்கத்திலிருந்து அதற்கே வந்து சேரும்போது எனக்குப் பெரியப்பாவின் குரல் கேட்கிறது. எக்காளமும் இசையமைப்பும் முறையாகப் பயின்ற ஃபில் லெஷ், பேஸ் கிதாரை வெறும் ஆதார சுருதியாக வைத்துக்கொள்ளாமல் கார்சியாவுக்கு எதிர்ப்பேச்சாக வாசிக்கிறார். இன்னொரு டிரம் கலைஞரான மிக்கி ஹார்ட் அந்த ஆண்டுகளில் குழுவில் இல்லாததால் தாளத்துக்கு பில் கிராய்ட்ஸ்மன் ஒருவரே. அந்தத் தனிமை இசைக்கு ஒரு மென்மையையும் வேண்டிய கணத்தில் திரும்பிக்கொள்ளும் லாகவத்தையும் தந்திருக்கிறது. எல்லாம் சிதறி, இனி இது எங்கும் போய்ச் சேராது என்று தோன்றும் வேளையில், 'எல் பாசோ' என்ற பழைய மாட்டிடையர் கதைப்பாட்டுக்குள் குழு நழுவி இறங்குகிறது. அந்த இறக்கத்தை நான் எத்தனை முறை கேட்டும் உடல் சிலிர்க்காமல் இருந்ததில்லை.

தவில் கேட்டுப் பழகிய காதுக்கு நான் முதலில் எடுத்துக் கொடுப்பது வேறொரு பதிவு. 1969-இல் சான் பிரான்சிஸ்கோ அரங்குகளில் பதிவான 'லைவ்/டெட்' இசைத்தட்டில் 'தி லெவன்' என்ற உருப்படி, பெயருக்கேற்பப் பதினோரு அட்சரத்தில் சுழல்கிறது. மூன்று, மூன்று, மூன்று, இரண்டு என்று கையில் போட்டுக்கொண்டே கேட்கலாம். நம் மிஸ்ர ஜாதி திரிபுடை தாளமும் பதினொன்றுதான், ஆனால் ஏழு, இரண்டு, இரண்டு என்று பிரியும். இரண்டு கணக்கையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பது எனக்கு ஒரு மாலைப்பொழுதின் மகிழ்ச்சி. இங்கே கிராய்ட்ஸ்மனோடு ஹார்ட்டும் இருக்கிறார். தபலா மேதை அல்லா ரக்காவிடம் தாளம் பயின்றவர் ஹார்ட். பின்னாளில் 1991-இல் அவர் வெளியிட்ட 'பிளானட் டிரம்' தொகுப்பில் ஜாகிர் உசேனோடு நம் விக்கு விநாயகராமின் கடமும் ஒலித்தது, அது கிராமி விருதும் பெற்றது. அந்த உறவின் முதல் தளிர் இந்தப் பதினோரு அட்சரத்தில் இருப்பதாகவே நான் கருதுகிறேன்.

ரசிகர்களில் பலர் முதலிடம் தருவது, கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹாலில் 1977 மே 8 அன்று நடந்த கச்சேரிக்கு. பெட்டி கான்டர்-ஜாக்சனின் ஒலிப்பதிவு அப்பழுக்கற்றது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலிலும் அது இடம்பெற்றிருக்கிறது. அங்கே வாசித்த 'மார்னிங் டியூ' மெல்ல எழும்பி உச்சத்தில் வெடிப்பது மறுக்க முடியாத அழகு. இருந்தாலும் அது ஒத்திகையில் தேறிய குழுவின் நேர்த்தி. வெனிட்டாவில் வழி தெரியாமல் அலைந்து வழி கண்டுபிடிக்கிறார்கள், எனக்கு அதுவே உயர்வு.

குறையும் உண்டு. கூட்டுக்குரல்கள் பல இடங்களில் சுருதி விலகுகின்றன. கர்நாடக இசை கேட்டுப் பழகியவர்களுக்கு முதல் அரை மணி நேரம் அது உறுத்தும். அப்படிப்பட்டவர்கள் முதல் தட்டை ஒதுக்கிவிட்டு 'பிளேயிங் இன் தி பேண்ட்' உருப்படியிலிருந்து தொடங்கட்டும். பாட்டு குறைந்து வாத்தியம் பெருகும் இடம் அது. படத்தைக் கடைசியில் பார்ப்பது நல்லது, ஏனெனில் கூட்டத்தின் ஆட்டமும் கோலமும் கண்ணை இழுத்துக்கொள்வதால் காது பின்தங்கிவிடுகிறது.

கைபேசியில் கேட்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தக் குழு சில இடங்களில் ஒரு பாட்டிலிருந்து அடுத்ததற்கு நிறுத்தாமல் போகிறது. ஆனால் சில செயலிகள் உருப்படிகளுக்கு நடுவே அரை நொடி மௌனத்தைத் திணிக்கின்றன. 'டார்க் ஸ்டார்' முடிந்து 'எல் பாசோ' பிறக்கும் இடத்தில் அந்த மௌனம் விழுந்தால் அரை மணி நேரம் காத்திருந்தது வீண். அமைப்புகளில் இடைவெளியில்லாமல் ஒலிக்கும் வசதி இருந்தால் முதலில் அதை இயக்கிக்கொள்ளுங்கள். என் கைபேசியில் அது இல்லாததால்தான் இந்தத் தட்டுகளையே விலை கொடுத்து வாங்கினேன்.