திருமணத் தயாரிப்புப் பயிற்சி: சான்றிதழுக்கு மேல் என்ன கிடைக்கிறது?

கத்தோலிக்கக் கோவிலில் கல்யாணம் என்றால் மறைமாவட்டம் நடத்தும் திருமணத் தயாரிப்புப் பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கி வரச் சொல்வார்கள். தமிழ்நாட்டில் பெரும்பாலும் இரண்டு மூன்று நாள் வகுப்பு. கட்டணமும் தங்கும் வசதியும் இடத்துக்கு இடம் மாறும். மண்டபம் பிடித்து, பத்திரிகையும் அடித்த பிறகு, "அந்தச் சர்டிபிகேட் மட்டும்தான் பாக்கி" என்று ஓடி வருகிறவர்கள் நிறைய. அப்படி வந்தால் பாதிப் பயன் போச்சு. இங்கே சொல்லித்தரும் உருப்படியான விஷயங்களில் சில கல்யாணத்தைத் தள்ளிப்போட வைக்கும். ஒன்றிரண்டு நிறுத்தவே வைக்கும். மூன்று மாதம் முன்னால் போனால் யோசிக்க இடமிருக்கும்.

மொத்தப் பயிற்சியிலும் பலமான வகுப்பு திருச்சபைச் சட்டம்தான். அத்தை மகன், மாமன் மகள் கட்டுவது நம் ஊரில் முறை. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பின் எண் 1091 அதைத் தடை என்கிறது. உறவின் நெருக்கத்தைப் படியாக எண்ணுவது எப்படி என்று பலகையில் போட்டுக் காட்டினால் ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும். மாப்பிள்ளை, அவர் அம்மா, தாத்தா, தாய்மாமன், மாமன் மகள்: ஐந்து பேர். பொதுவான தாத்தாவைக் கழித்தால் நான்கு. பக்கவழியில், அதாவது ஒருவர் வழியில் மற்றவர் பிறக்காத உறவில், நான்காம் படி வரை தடை உண்டு. ஆயரிடம் (பிஷப்பிடம்) விதிவிலக்கு வாங்கினால் கட்டலாம். அக்காள் மகள் மூன்றாம் படி, அதற்கு விதிவிலக்குக் கிடைப்பது இன்னும் கடினம். ஒருவர் தாத்தாவும் மற்றவர் பாட்டியும் உடன்பிறந்தவர்கள் என்றால் ஆறாம் படி, ஒன்றும் வேண்டாம். "சொந்தம்தான் சாமி, தூரத்துச் சொந்தம்" என்று மழுப்பி, கோவிலில் மூன்றாம் ஓலை (திருமண அறிவிப்பு) வாசித்த பிறகு யாரோ ஒரு பெரியம்மா விஷயத்தைப் போட்டு உடைக்கும்போதுதான் சிக்கல். விதிவிலக்கு இல்லாமல் கட்டினால் அந்தத் திருமணம் செல்லாது.

இதே வகுப்பில் இன்னொன்றைக் கவனமாகக் கேட்க வேண்டும். பிள்ளை பெற முடியாமை திருமணத்துக்குத் தடை அல்ல. ஆனால் அது தெரிந்திருந்தும், சம்மதம் வாங்குவதற்காக ஏமாற்றி மறைத்திருந்தால் எண் 1098இன்படி சம்மதமே செல்லாததாகிவிடும். இல்வாழ்வைக் கடுமையாகக் குலைக்கக்கூடிய எந்தக் குணக்குறையையும் அப்படி மறைத்தால் இதே கதிதான். "கல்யாணத்துக்கு அப்புறம் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம்" என்று பெரியவர்கள் சொல்லும் விஷயங்களை இந்த இடத்தில் இரண்டு பேரும் பேசி முடிப்பது நல்லது. பங்குத்தந்தை, அதாவது ஊர்க் கோவில் சாமியார், மணமக்களைத் தனித்தனியாக உட்கார வைத்து விசாரிப்பதும் இதற்காகத்தான்: யாராவது கட்டாயப்படுத்தினார்களா, முன்பு திருமணம் நடந்ததா, பிள்ளை பெற மனமுண்டா, சாகும்வரை என்பதை ஏற்கிறாயா. சில பங்குகளில் வாசலில் அப்பா நிற்க, கதவு திறந்திருக்க, இரண்டே நிமிடத்தில் கையெழுத்தோடு முடித்துவிடுகிறார்கள். தனியாகப் பேச வேண்டும் என்று மணமகள் கேட்கலாம். தப்பே இல்லை.

கலப்பு மணம் பற்றி ஊரில் உலவும் வதந்திகளில் பாதிக்கு இங்கே பதில் கிடைக்கும். மணப்பெண் சி.எஸ்.ஐ. போன்ற வேறு கிறிஸ்தவ சபை என்றால் அனுமதி, இந்து என்றால் விதிவிலக்கு. இரண்டுக்கும் ஆயரகத்தில் மனு. மதம் மாற வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. வாக்குறுதி கொடுப்பவர் கத்தோலிக்கர் மட்டுமே: தன் விசுவாசத்தைக் கைவிடமாட்டேன், பிள்ளைகளுக்குத் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) கொடுத்து வளர்க்க என்னால் ஆனதைச் செய்வேன் என்று. அந்த வாக்குறுதியை மற்றவர் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். இதைப் பெண் வீட்டாருக்கு யாரும் விளக்காமல் விடுவதால் முதல் பிள்ளைக்குப் பெயர் வைக்கும் அன்று சண்டை வருகிறது.

இயற்கை முறைக் குடும்பக் கட்டுப்பாட்டு வகுப்பு ஒரு மணி நேரம் நடக்கும். அதற்குள் அடங்காத பாடம் அது. பில்லிங்ஸ் முறையில் தினமும் இரவு அட்டவணையில் குறிக்க வேண்டும்: உதிரப்போக்குக்குச் சிவப்பு, ஈரமற்ற நாளுக்குப் பச்சை, கருத்தரிக்கக்கூடிய காலத்தைக் காட்டும் கருப்பைவாய்ச் சளி தெரியும் நாளுக்குக் குழந்தைப் படம் போட்ட வெள்ளை. வழுக்கும் உணர்வின் கடைசி நாள்தான் உச்ச நாள். அது உச்ச நாள் என்பது மறுநாள் மாறிய பிறகே தெரியும். அதற்குப் பின் மூன்று நாள் விலகி, நான்காம் நாளிலிருந்து அடுத்த மாதவிடாய் வரை, பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போடுகிறவர்களுக்குக் கவலையில்லை. சில சுழற்சிகளாவது குறித்துப் பழகாமல், வகுப்பில் கேட்டதை வைத்தே நம்பினால் தவறும். பயிற்றுநரின் தொடர்பு எண்ணை வாங்காமல் வரக்கூடாது. பிரசவத்துக்குப் பிறகு கணக்கே வேறு: குழந்தைக்கு ஆறு மாதம் ஆகவில்லை, தாய்ப்பால் மட்டுமே, மாதவிடாய் திரும்பவில்லை என்ற மூன்றும் சேர்ந்து இருக்கும் வரைதான் தாய்ப்பால் பாதுகாப்பு. ஒன்று தவறினாலும் போயிற்று. பல வகுப்புகளில் இதைச் சொல்வதே இல்லை.

விசுவாச வகுப்பு யார் எடுக்கிறார் என்பதைப் பொறுத்தது. விவிலியத்தில் எபேசியர் 5ஆம் அதிகாரத்தை 22ஆம் வசனத்தில் தொடங்கி, மனைவி பணிய வேண்டும் என்று முடித்துவிடும் பேச்சாளர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒருவருக்கொருவர் பணிந்திருக்கச் சொல்லும் 21ஆம் வசனம் அதற்கு முன்னாலேயே இருக்கிறது. அதை வாசிக்காத வகுப்பில் எழுந்து கேள்வி கேட்கலாம். நல்ல பேச்சாளர் விவிலியத்தின் ரூத் கதையை எடுப்பார். நீர் போகுமிடத்துக்கு நானும் வருவேன் என்ற அந்த வரியைப் பத்திரிகைகளில் காதலர் வாக்குப் போல அச்சடிக்கிறோம். அது கணவனை இழந்த மருமகள், பிள்ளைகளையும் இழந்த மாமியாரிடம் சொன்னது. வீட்டில் சாவு, பஞ்சம், ஊர் மாற்றம் எல்லாம் நடந்த பிறகு வந்த நம்பிக்கை. இப்படி எடுக்கும்போது, "இன்பத்திலும் துன்பத்திலும்" என்று பீடத்தின் முன் சொல்லப்போகும் வார்த்தைக்கு எடை வருகிறது.

பணம் பற்றிய வகுப்புதான் மோசம். சேமிப்பு, சிக்கனம் என்று பொதுவாகப் பேசிவிட்டு, எத்தனை பவுன், யார் பெயரில், தங்கச்சி கல்யாணக் கடனை யார் அடைப்பது என்ற கேள்விகளைத் தொடுவதில்லை. வரதட்சணை கொடுப்பதும் வாங்குவதும் 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்று ஒரு வரி, அத்தோடு சரி. பெற்றோரையும் அரைநாள் கூப்பிட்டு உட்கார வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

பெரிய குறை, எல்லாம் கல்யாணத்தோடு நின்றுவிடுவது. தொடக்க ஆண்டுகளில் தம்பதியரோடு கூடவே நடக்க வேண்டும் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2016ஆம் ஆண்டு அறிவுரை மடலில் விரிவாகவே எழுதியிருக்கிறார். நடைமுறையில், கரு கலைந்த வீட்டுக்கோ, புது மாப்பிள்ளை வளைகுடாவுக்குத் திரும்பிய பிறகு மாமியாரோடு தனியாக இருக்கும் பெண்ணிடமோ போய்க் கதவைத் தட்டும் பங்குகள் குறைவு. அந்த வேலையை இன்று அன்பியக் கூட்டங்கள்தான் (அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் சிறு குழுக்கள்) ஓரளவு செய்கின்றன.

போகும்முன் காகிதம் சரிபாருங்கள். திருமுழுக்குச் சான்றிதழ் ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். பழையது செல்லாததற்குக் காரணம், முன்பு திருமணம் நடந்திருந்தால் அது திருமுழுக்குப் பதிவேட்டின் ஓரத்தில்தான் குறிக்கப்படும். திருமுழுக்கில் சூசை, ஆதாரில் ஜோசப் என்றிருந்தால் இப்போதே பங்குத்தந்தையிடம் சொல்லிவிடுங்கள். விசாவுக்குப் போகும்போது சொன்னால் அலைச்சல்தான். கோவில் பதிவோடு முடிந்தது என்றும் இருந்துவிட வேண்டாம். தமிழ்நாட்டின் 2009ஆம் ஆண்டுத் திருமணப் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளர் அலுவலகத்தில் 90 நாளுக்குள் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு மேலும் 60 நாள்.