ஐந்து சதம், பத்து சதம் மேசையில் மூன்று வருடங்கள்

கனடாவில் ஸ்காபரோவில் இருக்கிறேன். வேலையால் வந்து, சாப்பிட்டு, பிள்ளைகள் படுத்த பிறகு கிழமையில் மூன்று இரவு இணையத்தில் போக்கர் ஆடுவேன். ஆறு பேர் மேசை, நோ லிமிட் ஹோல்டம்: ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாக, நடுவில் ஐந்து சீட்டு எல்லோருக்கும் பொதுவாக, கையில் உள்ள காசு எவ்வளவும் வைக்கலாம். பிளைண்ட், அதாவது சீட்டு வருமுன்பே முறைப்படி இருவர் போட்டாகவேண்டிய காசு, 5 சதமும் 10 சதமும். மேசைக்கு 10 டாலரோடு உட்காருவேன். ஒரே நேரத்தில் இரண்டு மேசை, அதற்கு மேல் திறப்பதில்லை. மூன்று வருடத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் ஹேண்ட், அதாவது ஒரு லட்சம் முறை சீட்டுப் பிரித்து, ஆடியிருக்கிறேன். மிஞ்சியது 200 டாலர் அளவில். எழுநூறு மணித்தியாலம் இருந்து சேர்த்த காசு அது, மணிக்கு 30 சதம்கூட வராது. ஒன்ராறியோவில் குறைந்தபட்சச் சம்பளமே மணிக்கு 17 டாலருக்கு மேல். வருமானம் தேடி வருபவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை. ஆட்டம் பிடித்திருக்கிறது, ஆனால் பொறுமை நிற்கவில்லை என்பவர்களுக்காக எழுதுகிறேன்.

ஊரில் 304 என்ற சீட்டாட்டம் ஆடி வளர்ந்தவன் நான். அதில் 32 சீட்டு, நாலு பேருக்கும் எட்டெட்டு. வந்த சீட்டு எவ்வளவு மோசமென்றாலும் கடைசிவரை போட்டுத்தான் ஆகவேண்டும். அதில் பெரிய சீட்டான ஜாக் ஒன்றுகூடக் கையில் இல்லாவிட்டாலும் கூட்டாளிக்கு உதவலாம். போக்கரில் அந்த வசதி கிடையாது. இரண்டு சீட்டைப் பார்த்ததும் நாலில் மூன்று தடவை எறிந்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். ஏதாவது ஒரு ஜோடி வருவதே 17 ஹேண்டுக்கு ஒரு முறை. இரண்டு ஏஸ் 221-க்கு ஒரு முறை. கையில் ஜோடி இருந்தாலும், ஃபிளாப்பில், அதாவது நடுவில் முதலில் திறக்கும் மூன்று சீட்டில், அதே சீட்டு மூன்றாவதாக விழுவது எட்டொன்பது தடவைக்கு ஒன்றுதான். என்னால் சும்மா இருக்க முடியவில்லை. முதல் மாதக் கணக்கை இப்போது எடுத்துப் பார்த்தால், நூற்றில் 38 ஹேண்டில் நானாக விரும்பிக் காசு போட்டிருக்கிறேன். இன்று அது 23.

சின்ன மேசைதானே, பத்து சதம்தானே என்ற நினைப்புத்தான் என்னை அதிகம் சறுக்க வைத்தது. ரேக்கை, அதாவது தளம் தனக்கென்று பிடிக்கும் பங்கை, யாரும் கவனிப்பதில்லை. பொட்டில், அதாவது நடுவில் சேர்ந்த காசில், ஐந்து சதவீதம் பிடிக்கும் மேசையில் இரண்டு டாலர் பொட்டுக்குப் பத்து சதம் போய்விடும். ஒரு முழு பிளைண்ட் அது. சலிப்பில் உள்ளே போகும் ஒவ்வொரு ஹேண்டுக்கும் நாம் கட்டணம் கட்டுகிறோம்.

முதல் வருடத்தில் நடந்த ஒன்றைச் சொல்லவேண்டும். ஒரு ஞாயிறு இரவு இரண்டு ஏஸ் வந்தது. எதிராளி இரண்டு குயீனோடு, ஃபிளாப்புக்கு முன்பே பத்து டாலரும் நடுவில். நூற்றில் எண்பது தடவைக்கு மேல் நான்தான் வெல்ல வேண்டும். கடைசிச் சீட்டாகக் குயீன் விழுந்தது. சரி, இதெல்லாம் நடக்கிறதுதான் என்று வாயால் சொல்லிக்கொண்டே 25-50 சத மேசையைத் திறந்து, 50 டாலரை அப்படியே வைத்து உட்கார்ந்தேன். பதினொரு நிமிடத்தில் ஏஸ்-ஒன்பதை வைத்துக்கொண்டு எல்லாம் போயிற்று. காது சூடாக இருந்தது இப்போதும் நினைவிருக்கிறது. இதைத்தான் ‘டில்ட்’ என்கிறார்கள். கண் திரையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது, ஆனால் முடிவெடுத்தது நான் இல்லை.

அடுத்த நாள் போட்ட ஒழுங்குகளில் மூன்று இன்றுவரை நிற்கின்றன. ஆட்டத்துக்கென்று 300 டாலர் தனியாக, அதாவது முப்பது முறை உட்காரும் காசு. ஓரிரவில் இரண்டு முறை 10 டாலர் போனால் எழும்பிவிட வேண்டும். மாதத்துக்கு 50 டாலருக்கு மேல் போட முடியாதபடி கணக்கிலேயே வரம்பு. ஒன்ராறியோவில் அனுமதி பெற்ற தளங்களில் இந்த வரம்பை உயர்த்தக் கேட்டால் குறைந்தது 24 மணித்தியாலம் காத்திருக்க வேண்டும். மூன்றிலும் இதுதான் எனக்கு அதிகம் உதவியது. கோபம் ஒரு நாள் தாங்காது.

அப்புறம் ஒரு நோட்டுப் புத்தகம். தொடங்கிய நேரம், முடித்த நேரம், உட்காரும்போது மனநிலை, சந்தேகம் வந்த ஒரு ஹேண்ட். வென்றதும் தோற்றதும் எழுதுவதில்லை, அதைத் தளமே காட்டும். ஒரு வருடப் பக்கங்களைச் சேர்த்துப் படித்தபோதுதான் விளங்கியது, பெரிய தோல்விக்குப் பிறகு நான் ஓரளவு கவனமாகவே இருந்திருக்கிறேன். தப்பெல்லாம் ஒன்றுமே நடக்காத இரவுகளில், நாற்பது நிமிடம் நல்ல சீட்டே வராத நேரத்தில் நடந்திருக்கின்றன. ‘கிங்-ஆறு, ஒரே சின்னம், சும்மா பார்ப்போம் என்று போனேன்’ என்று ஐந்து இடத்தில் எழுதியிருக்கிறேன். இப்போது சலிப்பு வந்தால் ஒரு மேசையை மூடிவிட்டு, மற்றதில் நான் இல்லாத ஹேண்டுகளில் யார் எப்படி ஆடுகிறார்கள் என்று பார்க்கிறேன்.

அந்தப் பார்வைக்குப் பலன் உண்டு. 2022 ஏப்ரல் 4-ஆம் தேதி இங்கே தனியார் இணையச் சூதாட்டத் தளங்களுக்குச் சந்தை திறந்த பிறகு, நான் ஆடும் தளத்தில் மாகாணத்துக்குள் இருப்பவர்கள் தங்களுக்குள்தான் ஆடுகிறார்கள். அதே பெயர்கள் திரும்பத் திரும்ப வரும், எழுதி வைத்த குறிப்பு வீண்போகாது.

இரண்டாவது வருடத்தில் நாலு மாதம் விடாமல் தோற்றேன். கணக்கு 160 டாலருக்கு இறங்கியது. என் வேகத்தில் பத்தாயிரம் ஹேண்ட் ஆட மூன்றரை மாதம் ஆகும். நன்றாக ஆடினாலும் அத்தனை ஹேண்டில் எதிர்பார்க்கக்கூடிய லாபம் இருபது டாலர்தான். சீட்டின் ஏற்ற இறக்கம் மட்டும் தொண்ணூறு டாலர் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளும். இதைப் பேப்பரில் போட்டுப் பார்த்த அன்று நன்றாக நித்திரை வந்தது. அதற்கு முன், தோற்ற ஒவ்வொரு கிழமையும் ஆட்டத்தை மாற்றிக்கொண்டே இருந்தேன்.

இந்தியாவிலிருந்து வாசிப்பவர்கள் கவனிக்க: 2025 ஆகஸ்டில் அங்கே நிறைவேறிய சட்டம் காசு வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்துவிட்டது, போக்கரும் அதில் அடங்கும். இங்கே இருப்பவர்களில் யாருக்காவது வரம்பு போட்டும் கை நிற்கவில்லையென்றால் தயவுசெய்து கணக்கைத் தற்தடை செய்யுங்கள், அதாவது உங்களை உள்ளே விடவேண்டாம் என்று தளத்திடம் நீங்களே கேளுங்கள். அதைச் செய்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

போன வியாழன் இரண்டு ஜாக். பலகையில் 9, 5, 2, 4, 8. ஃபிளாப்பிலும் நாலாவது சீட்டான டர்னிலும் நான் வைத்த அளவே போட்டுக் கூட வந்தவர், கடைசிச் சீட்டான ரிவரில் நான் 1.80 வைத்ததும் 7 டாலருக்கு ஏற்றினார். அவர் பெயருக்கு எதிரே என் குறிப்பு: ‘ஏற்றவே மாட்டார், ஏற்றினால் நல்ல சீட்டு இருக்கிறது.’ பதினைந்து செக்கன் பார்த்துவிட்டு எறிந்தேன். அவர் சீட்டைக் காட்டவில்லை. நோட்டில் அதை எழுதிக்கொண்டிருக்கும்போது மனைவி எட்டிப் பார்த்து, “பத்தரையாச்சு, மூடுங்கோ” என்றாள். பிளைண்ட் என்னிடம் வருவதற்குள் இரண்டு மேசையையும் மூடினேன்.