வொண்டர் வுமன்: 1968 டயானாவா, 1987 டயானாவா?

குன்னூரில் மழை விடாமல் பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம், வீட்டில் இந்தச் சண்டைதான்: வொண்டர் வுமன் காமிக்ஸின் நாயகி டயானா எந்த வருடக் கதையில் மேல் என்று. அக்காவுக்கு 1968 டயானா. எழுத்தாளர் டென்னி ஓ'நீலும் ஓவியர் மைக் செகோவ்ஸ்கியும் அவளுடைய சக்தியையும் பழைய உடையையும் எடுத்துவிட்டு, துணிக்கடை நடத்த வைத்து, தற்காப்புக் கலை கற்றுக்கொள்ள வைத்தார்கள். "சக்தி இல்லாமலே அடிக்கிறாளே, அதுதானே தைரியம்" என்கிறாள் அக்கா. சரிதான். ஆனால் அமெரிக்கப் பெண்ணியவாதி குளோரியா ஸ்டைனம் கோபப்பட்டது எனக்கு அதைவிடச் சரியாகப் படுகிறது: சூப்பர்மேனின் சக்தி அவனிடமே இருக்கும்போது இவளிடம் மட்டும் ஏன் பிடுங்க வேண்டும்? 1972-ல் ஸ்டைனமின் 'மிஸ்' என்ற பெண்ணிய இதழ் பழைய உடையிலேயே அவளை அட்டையில் போட்டது, 1973-ல் சக்தி திரும்பி வந்தது.

1987-ல் எழுத்தாளரும் ஓவியருமான ஜார்ஜ் பெரெஸ் அவள் கதையை முதல் இதழிலிருந்து மறுபடி தொடங்கினார். கிரேக்கத் தெய்வங்கள், டயானா பிறந்த தெமிஸ்கிரா தீவு, எல்லாம் நுணுக்கமாக வரைந்த பக்கங்கள். எனக்குப் பிடித்தது வேறு. பாஸ்டனுக்கு வரும் டயானாவுக்கு ஆங்கிலமே தெரியாது, ஜூலியா என்ற பேராசிரியர்தான் கற்றுத்தருகிறார். மலையிலிருந்து கோயம்புத்தூர் கல்லூரிக்குப் போய், முதல் மாதம் முழுக்க வகுப்பில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்த எனக்கு அந்தப் பக்கங்களைப் படித்தபோது தொண்டை அடைத்தது.

தம்பிக்கு ஒரே வருத்தம்: பழைய கதைகளில் இருந்த டயானா பிரின்ஸ் என்ற ரகசிய வேடமும் விமானி ஸ்டீவ் டிரெவருடனான காதலும் இதில் இல்லை. எனக்கு அது குறையாகவே தெரியவில்லை. முதலில் எதைப் படிக்கலாம் என்று கேட்டால், 1987-தான். அப்புறம் 1968.