அனகின்ரா ஊசி: எந்த வலிப்புக்கு, எப்போது?

வலிப்பு மாத்திரைகள் பெரும்பாலும் நரம்பணுக்களின் மின்துடிப்பைத்தான் அடக்கப் பார்க்கும். அனகின்ரா கை வைக்கும் இடம் வேறு. தொடர் வலிப்பின்போது மூளையின் மைக்ரோகிளியா, ஆஸ்ட்ரோசைட் எனும் துணைச் செல்கள் அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற புரதத்தைச் சுரக்கின்றன. அது நரம்பணுவைத் தூண்டும் என்எம்டிஏ ஏற்பிகளை உசுப்பிவிட, நரம்பணுவுக்குள் கால்சியம் அதிகமாகப் பாய்கிறது. வலிப்பால் அழற்சி, அழற்சியால் மறுபடி வலிப்பு. இன்டர்லூக்கின்-1 வந்து ஒட்ட வேண்டிய ஏற்பியை அனகின்ரா அடைத்துக்கொண்டு இந்தச் சுழற்சியை வெட்டப் பார்க்கிறது.

2001-ல் முடக்குவாதத்துக்கென அனுமதி பெற்ற மருந்து இது. வலிப்பில் இதன் பெயர் அடிபடக் காரணம் ஃபயர்ஸ் என்ற அரிய நிலை: நன்றாக இருந்த பிள்ளைக்குக் காய்ச்சல், பிறகு ஒரு நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் எந்த மருந்துக்கும் மசியாத தொடர் வலிப்பு. 2022-ல் வெளியான சர்வதேச வல்லுநர் பரிந்துரைப்படி, வலிப்பு தொடங்கிய முதல் 72 மணி நேரத்துக்குள் ஸ்டீராய்டு அல்லது இம்யூனோகுளோபுலின் (எதிர்ப்புப் புரத மருந்து). அதற்கும் அடங்காவிட்டால் 7 நாளுக்குள் கீட்டோஜெனிக் உணவும் (கொழுப்பு மிகுந்து மாவுச்சத்து குறைந்தது), அனகின்ரா அல்லது அழற்சியை அடக்கும் இன்னொரு மருந்தான டோசிலிசுமாப்பும். பெரிய ஒப்பீட்டு ஆய்வு இன்னும் இல்லை, சிறு தொகுப்புகளே ஆதாரம். ஆனாலும் ஃபயர்ஸில் தள்ளிப்போடாமல் தொடங்குவதே சரி. சாதாரண வலிப்பு நோய்க்கு இதைக் கேட்டு அலைய வேண்டாம்.

ஒரு சிரிஞ்சில் 0.67 மில்லியில் 100 மில்லிகிராம். பிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள், வெளிச்சம் படாமல் இருக்க வேண்டும். ஒருமுறை உறைந்துவிட்டால் குப்பைதான். குலுக்கக் கூடாது. குளிர்ச்சியோடு போட்டால் எரிச்சல் கூடும் என்பதால் அரை மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வைக்கலாம். பிள்ளைக்கு எடை பார்த்து அளந்து போட்ட பிறகு மீந்ததை அடுத்த வேளைக்கு வைக்கவே கூடாது, பாதுகாப்புப் பொருள் எதுவும் கலக்காத மருந்து இது. உடலில் நாலு முதல் ஆறு மணி நேரத்தில் பாதி கரைந்துவிடுகிறது. அதனால்தான் ஃபயர்ஸில் பெரும்பாலும் ஒரு நாள் அளவைப் பிரித்துப் போடுகிறார்கள்.

ஊசி போட்ட இடம் சிவந்து அரிப்பது முதல் மாதத்தில் சகஜம். இடத்தை மாற்றி மாற்றிப் போட வேண்டும். உண்மையில் பயப்பட வேண்டியது தொற்றுக்குத்தான். மருந்து காய்ச்சலையே மறைத்துவிடலாம், ஆகவே காய்ச்சலை மட்டும் நம்பாமல் மற்ற அறிகுறிகளையும் பார்க்க வேண்டும். தொற்றை எதிர்க்கும் வெள்ளையணுக்களான நியூட்ரோஃபில்களின் எண்ணிக்கையைத் தொடங்கும் முன்பும், முதல் மூன்று மாதம் மாதாமாதமும் பார்ப்பது கட்டாயம். சிறுநீரகத்தின் திறனைக் காட்டும் கிரியாட்டினின் வெளியேற்றம் நிமிடத்துக்கு 30 மில்லிக்குக் கீழே போனால் மருந்து உடலில் தேங்கும், அப்போது ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுவது பற்றி மருத்துவர் முடிவெடுப்பார். உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசி இந்தக் காலத்தில் கூடாது. ஏற்கெனவே கொடுத்துவரும் வலிப்பு மருந்துகளையும் நிறுத்தக் கூடாது.