இத்தாலிய கராஜ் பங்க்: சிங்கிளா, எல்பியா?

கராஜ் பங்க் என்றால் கரடுமுரடான, இரைச்சலான ராக் இசை. டூரினின் தி சிக் ரோஸ், பியாசென்சாவின் நாட் மூவிங் போன்ற குழுக்களைக் கேட்கத் தொடங்குபவர்களுக்கு வரும் குழப்பம் இது: பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சிறிய இசைத்தட்டான சிங்கிளை வாங்குவதா, பல பாட்டுகள் உள்ள பெரிய தட்டான எல்பியை வாங்குவதா?

ஒலி: 7 அங்குல சிங்கிளில் பக்கத்துக்கு இரண்டு மூன்று நிமிடம்தான். ஒலி பதியும் பள்ளங்களை அகலமாக வெட்டலாம், கிடார் இரைச்சல் முகத்தில் அறையும். எல்பியில் பக்கத்துக்கு 20 நிமிடத்தை நெருக்கி அடைப்பார்கள். ஊசி தட்டின் நடுவை நெருங்க நெருங்கக் கூர்மை மங்கும். கராஜ் பங்குக்கு என் ஓட்டு சிங்கிளுக்கே.

விலை: பாட்டுக்கு இவ்வளவு என்று பார்த்தால் எல்பிதான் மலிவு.

வசதி: சிங்கிளை அடிக்கடி எழுந்து திருப்ப வேண்டும்.

மதிப்புரை: சிங்கிளுக்கு என்றால், பி பக்கத்தை, அதாவது பின்பக்கப் பாட்டைப் பற்றி எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். அது சொதப்பினால் பாதித் தட்டு போச்சு.

குழு புதிது என்றால் சிங்கிள். ஏற்கெனவே பிடித்துவிட்டதா? சரி, எல்பி.